நாலாவதாய் நின்றவர்

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குப் பழைய படங்களைத் தேடிச் சேர்த்துச் சுவர் நிறையக் கொளுவியிருந்தார்கள். வாசலில் "ஊரின் வரலாறு" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. நான் ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள். வரலாறு எனக்கு எட்டாது. ஆனால் அந்தக் காலத்து ஆட்களில் இன்னும் கண் தெரிகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரையில் இருத்தி, "மாமி, ஆர் ஆர் எண்டு சொல்லுங்கோ" என்றார்கள்.

கோவில் திருவிழாப் படம். றோட்டுத் திறப்புப் படம். பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரக் கல் வைத்த படம். கலியாணங்கள் நாலைந்து. ஒரு செத்தவீடு. எல்லாவற்றிலும் ஒரே மனிதர், கையில் மடித்த குடையோடு.

பொடியள் அதைக் கவனிக்காமல் இல்லை.

"பதினொரு படத்திலை நிக்கிறார் மாமி. பெரிய ஆளாய்த்தான் இருக்கவேணும்."

நடுச்சுவரில் ஒரு தபாலட்டைப் படம் தனியாகத் தொங்கியது. அதிலும் அவர்தான். கீழே வடிவான எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: "மலாயா சென்று பொருளீட்டி, பெற்ற தாயை மறவாது, ஊருக்குத் தொண்டு செய்த பெரியார். பெயர் தெரியவில்லை."

நான் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. ஒருவன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

"தம்பியவை, உவர் மலாயாவுக்குப் போகேல்லை. கீரிமலைக்குப் போறதெண்டாலே ரெண்டு நாளைக்கு முதல் வயித்தாலை போற மனிசன்."

"அப்ப உவர் ஆர்?"

"நாலாவது ஆள்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அவர்களுக்குச் சொன்னேன். அதையே இப்போது ஆற அமர இருந்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளையார் பொய் வராமல் காக்கட்டும். கொஞ்சம் பகிடி வந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். அவருக்கும் இந்த மனிதரைத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் நடுவில் நிற்கிறவரை யமன் கொண்டுபோய்விடுவான். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை கோவில் ஐயரைக் கேட்டேன். "சாத்திரத்திலை எங்கை பிள்ளை கமரா இருக்கு?" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, "எதுக்கும் மூண்டு பேராய் நில்லாதேங்கோ" என்றும் சொன்னார்.

நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில், எங்கள் கோவில் தேர்த் திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு படம்பிடிகாரர் வந்தார். மூன்று கால் பெட்டி, அதற்கு ஒரு கறுப்புத் துணி. கோவில் மனேச்சர்மார் மூன்று பேர். மூவரும் தேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். நடுவில் நின்றவருக்குத் திடீரென்று நினைவு வந்தது. மெல்ல நழுவி ஓரத்துக்கு வந்தார். இப்போது நடுவில் அகப்பட்டவர் மற்ற ஓரத்துக்குப் பாய்ந்தார். மூன்றாமவர் சும்மா இருப்பாரா? வருஷம் முழுக்க முதல் மரியாதைக்காக நடுவில் நிற்கச் சண்டை பிடிக்கிற மூன்று பேர், அன்றைக்கு நடுவை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடப் பார்த்தார்கள். தேர் இழுக்க வந்த சனம் வடத்தைக் கீழே போட்டுவிட்டு இந்த வேடிக்கையைப் பார்த்தது.

அப்போதுதான் சனத்துக்குள்ளிருந்து அவர் வந்தார். ஊரில் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுப் புகையிலைத் தோட்டம், ஒரு குடை, தாலியறுத்த ஒரு தங்கச்சி. அவ்வளவுதான் அவருடைய சொத்துப்பத்து. கலியாணமும் செய்யவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நான் நிக்கிறன் நாலாவதாய். நாலு பேருக்கு நடு எங்கை? யமன் வந்து விரல் விட்டு எண்ணிப் பாத்துப்போட்டு வந்த வழியாலை போவான்."

படம் வந்தது. தேரில் எழுந்தருளியிருந்த பிள்ளையாரின் முகத்தை இவருடைய தலைப்பாகை மறைத்துவிட்டது. துதிக்கையின் நுனி மட்டும் இவருடைய காதுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. அந்தப் படத்தைச் சாமியறையில் வைத்துக் கும்பிட்ட வீடுகள் எல்லாம் வருஷக் கணக்காக இவரைத்தான் கும்பிட்டன. நானும் கும்பிட்டிருக்கிறேன். கேட்டது கிடைத்தும் இருக்கிறது.

அதன் பிறகு ஊருக்குள் கமரா வந்தால் அவருக்கு எப்படித்தான் மணக்குமோ தெரியாது. தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கால் கழுவி, திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, குடையோடு வந்து நிற்பார். அந்தக் குடை விரியாது. கம்பிகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. மழை வந்தால் குடையை நனையாமல் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வாழையிலையைத் தலையில் பிடித்தபடி ஓடுவார்.

மூன்று பேர் நிற்கிற இடத்துக்கு நாலாவதாய் வருவது சரி. இருபது பேர் நிற்கிற இடத்துக்கும் வருவார்.

"நாங்கள்தான் இருபது பேர் நிக்கிறமே, பேந்து நீர் எதுக்கு?" என்று யாராவது கேட்டால், "ஆரும் மூண்டு மூண்டாய் வெட்டி எடுத்தால்?" என்பார்.

அப்போது நாங்கள் சிரித்தோம்.

ஒரு முறை கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தோட்டங்களுக்கு வந்தார், கிணற்றுத் துலாவைப் படம் பிடிக்க. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு இறைப்பதென்றால் துலா மரத்தின் மேல் மூன்று பேர் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கீழே ஒருவர் நின்று, கிணற்றிலிருந்து வரும் ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். வெள்ளைக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம், இவர் மேலே மூன்று பேர் நிற்பதை எண்ணிவிட்டார். சால்வையும் குடையுமாய் ஏறி நாலாவதாய் நின்றுகொண்டார். பாரம் கூடித் துலா ஒரேயடியாய்ச் சாய்ந்து, பட்டை துள்ளி மேலே வந்து, கீழே நின்றவரைத் தலையோடு முழுக்காட்டியது. நனைந்தவர் பேசிய பேச்சு படத்தில் விழவில்லை, நல்ல காலம்.

அந்தப் படம் தபாலட்டையாக அச்சாகிப் பட்டணத்துக் கடைகளில் விலைப்பட்டது. கீழே இங்கிலீசில் ஒரு வரி. "யாழ்ப்பாணத்தார் நீர் இறைக்கும் முறை" என்று வாத்தியார் வாசித்துச் சொன்னார். குடையும் சால்வையும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் தோட்டத்துக்கு இறைப்பதில்லை என்று சீமையில் எத்தனை பேர் நம்பினார்களோ! நாலாவது ஆள் ஒன்று வாங்கி மடிக்குள் வைத்துக்கொண்டு, கண்டவர் நின்றவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஒரு வருஷத்துக்குள் வேர்வை ஊறி, பெருவிரல் தேய்ந்து, அவருடைய முகம் இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. அப்போதும் காட்டினார். "உதிலை நிக்கிறன்" என்பார், வெள்ளையைத் தொட்டு.

என்னுடைய அண்ணையும் அதே தபாலட்டையில் மூன்று வாங்கினார். அவர் மலாயா ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. "அங்கை ஆரும் உங்கடை ஊர் எப்பிடி எண்டு கேட்டால் காட்டலாம். மனம் சரியில்லாட்டில் நானும் பாத்துச் சிரிக்கலாம்" என்றார்.

எங்களுக்கு அப்பா இல்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா வெள்ளைச் சேலையோடு எங்கள் இருவரையும் வளர்த்தார். அம்மா பயந்தது சாமிக்கும் இல்லை, பேய்க்கும் இல்லை. "நாலு பேர் என்ன சொல்லுவினம்?" என்ற ஒன்றுக்குத்தான். அப்பா போன பிறகு எங்கள் படலைக்குள் அந்நிய ஆம்பிளை ஒருவரும் தேவையில்லாமல் கால் வைத்ததில்லை.

அண்ணை பயணம் போவதற்கு முதல் நாள், பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு வந்த படம்பிடிகாரரை எங்கள் முற்றத்துக்குக் கூட்டிவந்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் தான் நின்று, தனக்கு மற்றப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். அம்மா, அண்ணை, நான். நடுவில் அண்ணை. அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"தங்கச்சி, மூண்டு பேரல்லோ நிக்கிறியள்! கடல் கடந்து போற பிள்ளை நடுவிலை நிக்கிறான்!"

அம்மா வாய் திறக்க முதல் படலையைத் திறந்துகொண்டு வந்து, என் பக்கத்தில் நின்று, குடையை மார்புக்குக் குறுக்கே வேல் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். குடையின் நுனி என் இடுப்புக்கு முன்னால் வந்து நின்றது. படம்பிடிகாரர் "அசையாதேங்கோ" என்றார். நாலாவது ஆள் மூச்சையும் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டால் முகம் கலங்கும் என்பது அவருடைய எண்ணம். படம் பிடித்து முடிந்து, பெட்டியை மடித்துக் கட்டிய பிறகும் அப்படியே நின்றார். அண்ணை முதுகில் தட்டித்தான் மூச்சு வந்தது.

"உந்த மனிசனை ஆர் கூப்பிட்டது?" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

"விடுங்கோ அம்மா. நாலாவது ஆள் நிண்டால் எனக்கு நல்லதுதானே" என்று அண்ணை சிரித்தார். படத்தின் ஒரு பிரதி அவரோடு மலாயாவுக்குப் போனது. மற்றது எங்கள் விறாந்தைச் சுவரில் ஏறியது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். தரகர் வந்து படம் கேட்டார். என் முகம் விழுந்த படம் அது ஒன்றுதான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை முகம் நல்ல லட்சணம். உது ஆர், பக்கத்திலை ஒட்டிக்கொண்டு? தகப்பனோ?"

"இல்லை. ஊரிலை ஒரு ஆள்."

"எந்த முறை?"

"ஒரு முறையும் இல்லை."

தரகர் படத்தை மடியில் வைத்துவிட்டார். "தாலி அறுத்த வீட்டிலை முறையில்லாத ஆம்பிளை, குமர்ப்பிள்ளைக்குப் பக்கத்திலை! இதைக் கொண்டு நான் எந்தப் படலையைத் திறக்கிறது?"

அம்மாவின் முகம் கறுத்தது. நான் உள்ளே போய்க் கத்திரிக்கோலை எடுத்து வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வெட்டினேன். வெட்டும்போது என் முழங்கை அவரோடு போய்விட்டது. குடையின் நுனி என்னோடு நின்றுவிட்டது. இடுப்பை வெட்டாமல் அதை எடுக்க வழியில்லை.

வெட்டிய துண்டை அடுப்புக்குள் போடப் போனேன். கை வரவில்லை. உயிரோடிருக்கிற மனிதரின் முகத்துக்குக் கொள்ளி வைத்தால் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? தோத்திரப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கைகூப்பிப் பாடும்போது அவர் என் முழங்கையோடு பக்கங்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்.

மாப்பிள்ளை பகுதி கோப்பாயிலிருந்து வந்தது. பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் சொன்னார்:

"பிள்ளை, வீணையிலை ஒரு பாட்டு வாசியுமன் கேப்பம்."

அம்மா தரகரைப் பார்த்தார். தரகர் முகட்டு வளையைப் பார்த்தார்.

"எங்கடை வீட்டிலை வீணை இல்லையே" என்றார் அம்மா.

"படத்திலை பிள்ளைக்குப் பக்கத்திலை வீணைத் தண்டு தெரியுதே! தரகர்தானே சொன்னவர், ஆறு வருஷமாய்ப் படிக்கிறா எண்டு."

அம்மா சாமியறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது வீணையில்லை. குடை" என்றார்.

"ஆற்றை குடை?" என்று கேட்டது மாப்பிள்ளை.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையா, ஆத்திரமா என்று தெரியவில்லை. "நாலாவது ஆளின்ரை!" என்று கத்திவிட்டேன். போய்த் துண்டை எடுத்துவந்து தட்டத்தில் வைத்தேன்.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கடை அக்கான்ரை கலியாணப் படத்திலையும் உவர் நிக்கிறார்! நாங்கள் உவரை அத்தான் பகுதி எண்டு நினைச்சம். அவை எங்கடை பகுதி எண்டு நினைச்சுக்கொண்டு ரெண்டு தரம் சோறு போட்டவை."

அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாலியானது. எங்கள் வீட்டில் இன்றுவரை வீணை இல்லை.

கலியாணத்துக்கு அவரும் வந்தார். விறாந்தையில் ஏறும்போது சுவரில் இருந்த படத்தைப் பார்த்து நின்றார். கனநேரம் பார்த்தார். நான் மணவறைக்குப் போகிற அவசரத்திலும் அதைக் கண்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"குடையாவது நிக்குது" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குப் படம் பிடிக்க எல்லாரையும் கூப்பிட்டபோது, அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். ஊரிலேயே அவர் நில்லாத கலியாணப் படம் எங்களுடையதுதான்.

அந்த வருஷம் முடிவதற்குள் சப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். அண்ணையின் கடிதம் நின்றது. மாதம் தவறாமல் எழுதிய மனிதர், ஒரு வருஷம் ஒரு வரி இல்லை. அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தார். வெள்ளிக்கிழமையோடு செவ்வாயும் சாப்பாட்டை விட்டார். ஒரு நாள் பின்னேரம் விறாந்தையில் படத்துக்கு முன்னால் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு."

நான் குசினி வாசலில் அப்படியே நின்றேன்.

"பிள்ளை, நடுவிலை ஆர் நிக்கிறது?"

நடுவில் அண்ணை. வெட்டியது நான். மூன்றாக்கியது நான். அம்மா என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். திட்டவில்லை.

தோத்திரப் புத்தகத்துக்குள் இருந்து துண்டை எடுத்தேன். என் கணவர் சோற்றுப் பசை குழைத்தார். பழைய இடத்தில், என் பக்கத்தில் வைத்துப் பொருத்தப் போனபோது அம்மா கையைப் பிடித்தார்.

"அங்கை வேண்டாம். நீ வாழுற பிள்ளை. என்ரை பக்கத்திலை ஒட்டு."

"அம்மா, நாலு பேர் என்ன..."

"சொல்லட்டும். ஆரும் கேட்டால் என்ரை கூடப்பிறவாத அண்ணை எண்டு சொல்லு."

இருபது வருஷம் வேலிக்கு மேலால் எவர் முகத்தையும் பார்க்காத என் அம்மா, வெள்ளைச் சேலையோடு, முறையில்லாத ஓர் ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருந்தார். இடப்பக்கத்தில் அவர் குடைப்பிடியோடு நிற்கிறார். வலப்பக்கத்தில் என் இடுப்புக்கு முன்னால் குடை நுனி. நாலு பேரையும் தாண்டி ஒரே குடை நீண்டு கிடப்பதுபோல் இருக்கும். என் முழங்கை அவருக்கு அப்பால், படத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும். வந்தவர்கள் கேட்பார்கள். அம்மா கூசாமல், "எங்கடை அண்ணை" என்பார்.

கேள்விப்பட்டு அவரே வந்தார். படலைக்கு வெளியே நின்றவரை அம்மா, "உள்ளை வாங்கோ அண்ணை" என்று கூப்பிட்டார். வந்து பார்த்தார். எனக்கு நினைவிருக்கிறது, தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். கோவிலில் தவிர வேறெங்கும் அவர் அதை இறக்கிக் கண்டதில்லை.

"நான் முந்தி உந்தப் பக்கம் நிக்கேல்லையே, தங்கச்சி."

"இப்ப நில்லுங்கோ."

சால்வையை மறுபடி தோளில் போட்டார். பிறகு தன் வழமைக்கு வந்துவிட்டார். "நாலு பேர் நிக்கிறம். மோன் வருவான். யமனுக்கு எண்ணத்தான் தெரியும், கூட்டத் தெரியாது."

அடுத்த மாரியில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டார். யுத்த நேரம், படம் பிடிக்கத் தகடு கிடையாது. ஊரில் எல்லாச் செத்தவீட்டுப் படத்திலும் நின்றவர் செத்தபோது படம் இல்லை. அவருக்குச் சொந்தமும் குறைவு. பாடை தூக்க மூன்று பேர் நின்றார்கள். என் கணவர் போய் நாலாவதாய்த் தோள் கொடுத்தார்.

முப்பதாம் நாளுக்கு முதல் நாள் அவருடைய தங்கச்சி வந்தார். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டார்.

"மாலை போட அண்ணையின்ரை படம் ஒண்டில்லை. அவற்றை தபாலட்டையிலை முகம் தேஞ்சுபோச்சு. மற்றதெல்லாத்திலையும் ஆற்றையோ தோளுக்குப் பின்னாலை தலை மட்டும். உங்கடையிலைதான் முழுசாய் நிக்கிறார். ஒட்டின துண்டுதானே... கழட்டித் தாறியளோ?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணையிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை. கழற்றினால் மறுபடி மூன்று பேர். நடுவில் என் அண்ணை. கொடுக்காவிட்டால், எங்களுக்காக நின்ற மனிதருக்கு ஒரு மாலை இல்லை.

அம்மா எழும்பிப் போய்ச் சட்டத்தோடு படத்தை இறக்கினார்.

"கழட்ட மாட்டன். முழுசாய்க் கொண்டு வாறன். நானும் வந்து பக்கத்திலை இருக்கிறன்."

அடுத்த நாள் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். உயிரோடிருக்கிற மூன்று பேருக்கும் மாலை விழக்கூடாதே! ஒரு சின்னப் பூச்சரத்தை அவருடைய தலைக்கு மட்டும் அளவாகக் கட்டி ஒட்டினார்கள். எங்கள் மூவரையும் மஞ்சள் துணியால் மூடினார்கள். காற்றடித்துத் துணி விலகும்போதெல்லாம் அம்மா இழுத்து மூடுவார். ஐயர் மந்திரத்துக்கு நடுவே, "அம்மா, நீங்கள் கொஞ்சம் தெரியிறியள்" என்று ஞாபகப்படுத்துவார்.

யுத்தம் முடிந்தது. முடிந்தும் மாதங்கள் போயின. ஒரு காலை நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டது. பிறகு அம்மாவின் குரல்:

"எடி பிள்ளை! அண்ணை வந்திருக்கிறாரடி!"

நான் அகப்பையோடு ஓடினேன். விறாந்தை, முற்றம், படலை, றோட்டு. ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு தபாலட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துலாவின் மேல், சால்வையும் குடையுமாய், நாலாவது ஆள்.

"இந்த அண்ணையோ!" என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பறித்தேன். பறித்ததில் அது திரும்பிவிட்டது. பின்பக்கத்தில் என் அண்ணையின் கையெழுத்து.

"அம்மா, நான் சுகம். எழுதத் தாள் இல்லை, கைவசம் மிஞ்சினது உது ஒண்டுதான். கப்பல் கிடைச்சால் வருவன். நாலாவது ஆளைக் கேட்டதாய்ச் சொல்லுங்கோ."

அகப்பை எங்கே விழுந்தது என்று தெரியாது. புட்டும் அடிப்பிடித்துவிட்டது. அம்மா அதை ஐந்தாறு தரம் என்னைக்கொண்டு வாசிப்பித்தார். ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் கண்ணைத் துடைத்தார். பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்தார். பின்னேரம் சேலை மாற்றிக்கொண்டு அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தபாலட்டையை அந்த மனுஷியின் கையில் வைத்தார்.

"உம்மடை அண்ணைக்கு இந்தப் படத்தை மாட்டும்."

அந்த மனுஷி திருப்பிப் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயோ, பின்னாலை உங்கடை மோன்ரை எழுத்தல்லோ! இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த எழுத்து!"

"அவன் உயிரோடை இருக்கிறான். இன்னும் எழுதுவான். உம்மடை அண்ணை இனிப் படத்துக்கு நிக்க மாட்டார்."

அப்படித்தான் அந்தத் தபாலட்டை அவருடைய முகம் முன்னுக்கும், என் அண்ணையின் எழுத்து சுவருக்குமாக அந்த வீட்டில் தொங்கியது. அண்ணை அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார். எங்கள் வாசிகசாலைப் பொடியள் பின்னாளில் அந்தச் சுவரில் இருந்து அதைக் கழற்றி, பின்பக்கத்தில் இருந்த மலாயா முத்திரையையும் எழுத்தையும் பார்த்து, அவரை மலாயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை.

இவ்வளவையும் நான் பொடியளுக்குச் சொல்லி முடித்தேன். ஒருவன் எழுந்து, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த பெருமையான எழுத்தை மெல்ல உரித்தான். பிறகு, விழாவின் ஞாபகத்துக்கு என்னோடு ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். என் கதிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். மற்றவன் கமராவைக் கண்ணில் வைத்தான்.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் மூன்று வரை எண்ணுவேன்.

"பொறும் தம்பி" என்றேன். சுவரில் இருந்து அந்தத் தபாலட்டையை எடுத்துவரச் சொல்லி, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எடும்."